குடைக் காம்பில் ஒரு கன்னம்

"மூணு வருஷமா இந்த ஊர்ல ராணியாகுற பொண்ணுக்கு மட்டும் மூஞ்சி வீங்குது. பொண்ணுங்க மேல தப்பில்லண்ணே, அந்தக் கிரீடத்துக்குத்தான் ஏதோ சீக்கு" என்றாள் லம்யை, பொரித்த பன்றித்தோலை நொறுக்கியபடி.

விச்சியன் சுவர்ப் படங்களின் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் சொன்னால் அவளுக்குக் குஷி வந்துவிடும். போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு அவன் துப்பறிய வந்த நாளிலிருந்து இவள்தான் உதவியாளர். சம்பளத்தைவிடப் பேச்சு அதிகம்.

இருவரும் நின்றிருந்தது வியங் லோம் குளிர்கால விழா கமிட்டியின் ஆபீஸில். வெளியே ராட்டினம் கிரீச்சிட்டது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமியது. அறுவடை முடிந்து மலையிலிருந்து பனி இறங்கிவிட்டால் இந்த ஊருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். மாகாணமே ஆற்றங்கரையில்தான் கிடக்கும். விழாவின் நடுவில் ஒரு ராணியைத் தேர்ந்தெடுப்பார்கள். கடைசி நாள் சாயங்காலம் அவள் மர ஆலை முதலாளி புன்மாவின் காரில் ஏறி, ஆற்றுக்கு மேலே இருக்கும் அவர் பங்களாவுக்கு நன்றி விருந்துக்குப் போக வேண்டும். போர் முடிந்த வருஷம் அவர் பணத்தில் ஆரம்பித்த விழா இது, அன்றிலிருந்து இதுதான் வழக்கம். வடக்கத்திப் பழக்கப்படி ஊரே அவரை 'வளர்த்தப்பா' என்று கூப்பிடும்.

அந்த வளர்த்தப்பாவின் விருந்துக்குத்தான் மூன்று வருஷமாக ஆபத்து. ராணியாகும் பெண்ணுக்கு விருந்து நாளன்று கன்னம் கொப்பளித்து, கண் மூடி, முகம் பூசணிக்காயாகிவிடும். சாபம் என்றது ஊர். எவனோ செய்கிற அயோக்கியத்தனம் என்று சொல்லி, விச்சியனுக்கு ஆள் அனுப்பினார் புன்மா.

நேற்று இந்த வருஷ ராணிக்குக் கிரீடம் வைத்தாயிற்று. மலையடிவாரத்துப் பெண், பெயர் புவாசோன். வயது பத்தொன்பது, சிரித்தால் எதிரில் நிற்பவனும் சிரித்துவிடுவான். அந்த முகத்தைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆபீஸ் சுவர் முழுக்கப் பழைய ராணிகள். ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டு படம். மேலே கிரீடம் வைக்கிற படம், கீழே மறுநாள் எண்ணெய்த்தாள் குடை பிடித்து நிற்கிற படம். தலைக்கொண்டை வருஷத்துக்கு வருஷம் மாறியிருந்தது. பாவாடைக் கரை மாறியிருந்தது. குடை மட்டும் ஒரே குடை.

லம்யை படங்களை எண்ணெய் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வழக்கப்படி பழைய ராணி வந்துதானே புது ராணிக்குக் கிரீடம் வைக்கணும்? இங்க என்ன, வருஷா வருஷம் ஒரு பச்சைக்கல் மோதிரக் கைதான் வைக்குது?"

"அது வளர்த்தப்பா கை" என்றார் கமிட்டிச் செயலாளர், பரிசுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "பழைய ராணிங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு தெற்கே கீழ்நாட்டுக்குப் போயிடுவாங்க. அவ்வளவு தூரத்திலேருந்து வர முடியுமா?"

"கடைசி ரெண்டு படத்துல பொம்பளைக் கை இருக்கே. நேத்துகூட பழைய ராணிதான் வந்து வெச்சா. அட! அண்ணே, மூஞ்சி வீங்கினவளுங்க மட்டும் மறுவருஷம் ஜம்முனு வந்து நிக்கிறாளுங்க. வீங்காதவ ஒருத்தியையும் காணோம். இந்த வீக்கம் நல்ல ராசியான வீக்கமா இருக்கே!"

"வாயில தீனி இருக்கிற வரைக்குமாவது பேசாம இரு."

செயலாளர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளத்தது.

போன வருஷ ராணி கன்தா, விழாத் திடலிலேயே காரத் தொத்திறைச்சி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் விசிறி வீசும் புருஷன். கன்னம் வழவழவென்று இருந்தது.

"எந்தக் கன்னத்துல ஆரம்பிச்சுது?" என்று கேட்டான் விச்சியன்.

"வலது. அப்புறம் வலது கையில. ஒரு மாசத்துல ஆறிடுச்சுண்ணே."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அவளுக்கும் வலதுதான். மூணு பேருக்கும் வலதுதான்."

"பவுடர்ல எதையாவது கலந்திருந்தா ரெண்டு பக்கமும் வீங்கணும். சாப்பாட்டுல கலந்திருந்தா மேலெல்லாம் தடிக்கணும்" என்றாள் லம்யை. "இது என்ன, டிக்கெட் வாங்கின சீட்ல மட்டும் உக்காருற வீக்கம்?"

"வீங்கின அன்னிக்கு யார் யார் உன்னைத் தொட்டாங்க? என்ன சாப்பிட்ட? யோசிச்சுச் சொல்லு."

கன்தா இறைச்சியைத் திருப்பிப் போட்டாள். "போலீசும் இதையேதான் கேட்டுச்சு. அன்னிக்கு நான் வீட்டை விட்டே வரல. சாய்காம் அக்காதான் வந்து மூலிகை அரைச்சுப் பூசினாங்க. என் கல்யாணத்துக்கும் அவங்கதான் கொண்டை போட்டாங்க." குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "விட்டுடுங்கண்ணே. முகம்தானே. ஆறிடும்."

சாய்காம் என்பவள் விழாவில் பெண்களுக்குச் சிங்காரம் செய்கிறவள், அரக்குப் பாத்திரம் செய்கிறவர் மகள். நாற்பதை எட்டாதவள், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். விழாவின் முதல் ராணியே அவள்தான். சுவரில் முதல் படம். எங்கெங்கோ கீழ்நாட்டில் இருந்துவிட்டு ஒருநாள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவளுக்கு, ஐயோ பாவம் என்று கமிட்டி இந்த வேலையைக் கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது என்று செயலாளர் காலையில் சொன்னது விச்சியனின் காதில் விழுந்திருந்தது.

சட்டென்று நின்றான். "லம்யை, நான் ஒரு மடையன்."

"அதைக் கண்டுபிடிக்கவா நம்மளக் கூப்பிட்டாங்க?"

"எங்க மாமா அரக்குப் பாத்திரம் செய்யுறவர். சின்ன வயசுல அவர் சட்டியில கை விட்டேன். கறுப்பு மரப்பால், சேங்கொட்டைச் சாறு கெட்டுது போ. அன்னிக்கு ஒண்ணும் ஆகல. மறுநாளும் ஒண்ணும் ஆகல. சரியா ரெண்டு நாள் கழிச்சுக் கண்ணு திறக்க முடியல. காயாத பச்சை அரக்கு அப்படித்தான், பொறுமையான விஷம். எல்லாரும் வீங்கின அன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் முந்தி என்ன நடந்ததுன்னு ஒருத்தனும் கேக்கல!"

"ரெண்டு நாள் முந்தி என்ன..." என்று தொடங்கிய லம்யையின் வாய் திறந்தபடி நின்றது. "படம் எடுத்தாங்க."

"இன்னிக்கும் எடுக்கிறாங்க. வா, ஓடு!"

படக்காரனின் கொட்டகையில் வரைந்த மலையும் வரைந்த அருவியும் தொங்கின. முன்னால் கூட்டம். நாற்காலியில் புன்மா, பக்கத்தில் தாலுகா அதிகாரி, பின்னால் போலீஸ் ஏட்டு. பட்டுத் துண்டுக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டு புவாசோன் நின்றாள். சாய்காம் குடையை விரித்துக் கொடுக்க, துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமல் துணியோடு சேர்த்து அவள் பிடித்துக்கொண்டாள். படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

"வலது தோள்ல சாய்ச்சுக்கோம்மா. கன்னத்தை அப்படியே காம்புல வை. ஆங்..."

"வைக்காதே!"

விச்சியன் பாய்ந்து, காம்பின் மேல்பக்கத்தைப் பிடித்துக் குடையைப் பறித்தான். புவாசோன் அலறிவிட்டாள். கூட்டம் திமுதிமுவென்று எழுந்தது.

"யாரும் பயப்படாதீங்க. உக்காருங்க. ஒரு சின்னக் கதை சொல்றேன்." இந்த நிமிஷத்துக்காகத்தான் அவன் போலீஸ் வேலையை விட்டதே. மேஜைமேல் ஏறாத குறை. "சுவர்ல இருக்கிற எல்லா ராணியும் ஒரே மாதிரி நிக்கிறாங்க. வலது தோள்ல குடை, வலது கன்னம் காம்பு மேல. வீக்கமும் வலது கன்னத்துலதான். அப்ப, சாபம் எங்க இருக்கு? கிரீடத்துலயா? இல்ல. இதோ, இங்க இருக்கு!"

ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் காம்பின் கன்னம் படும் இடத்தைத் துடைத்து உயர்த்திக் காட்டினான். கைக்குட்டையில் கறுப்புக் கோடு.

"பச்சை அரக்கு! கறுப்புக் காம்புல கறுப்பு அரக்கு, கண்ணுக்கே தெரியாது. கைப்பிடியில ஒரு பொட்டு, கன்னம் படுற இடத்துல ஒரு பூச்சு. இதைப் பூசினவங்க நகக்கண்ணுல அந்தக் கறுப்பு வாரக்கணக்கில போகாது. சாய்காம் அக்கா, கொஞ்சம் கையை நீட்டுங்களேன்."

சாய்காம் கையை நீட்டவில்லை. ஏட்டு பிடித்து நீட்டினான். நகங்களின் ஓரம் கரிக்கோடாக இருந்தது.

"பழகின கைக்கு அரக்கு ஒண்ணும் செய்யாது. இவங்க அரக்குக்காரர் வீட்டுப் பொண்ணு" என்று விச்சியன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "ஏன் செஞ்சாங்கன்னு கேக்குறீங்களா? ஒருகாலத்து ராணி, இப்ப இன்னொருத்தி கொண்டையில பூச் சொருகணும். கண்ணாடியில ரெண்டு முகம் தெரியும்போது வயிறு எரியாதா? தனக்கு வாடின பூ ஊர்ல எவளுக்கும் பூக்கக் கூடாது. பொறாமைதான், வேற என்ன?"

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவன் விசிலடித்தான். "கிழட்டு ராணிக்கு ஒரு குடை பிடிங்கடா!" என்று கத்தினான் இன்னொருவன். கமலா ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்து சாய்காமின் நெற்றியில் பட்டது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

புன்மா மெதுவாக எழுந்து வந்து விச்சியனின் தோளைத் தட்டினார். பச்சைக்கல் மோதிரம் கழுத்தில் சில்லென்று உரசியது. "கெட்டிக்காரத் தம்பி."

ஏட்டு இழுத்துப் போகும்போது சாய்காம் அவன் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"அரக்கு பிடிக்க ரெண்டு நாள் ஆகும்னு உனக்கே தெரியுது. விருந்துக்கும் ரெண்டு நாள்தான் இருக்கு. அந்தச் சுவரை இன்னொரு தடவை பாரு தம்பி. இன்னிக்கே பாரு."

"ஜெயிலுக்குப் போறவங்க எல்லாருமே இப்படி விடுகதை போடுவாங்க" என்று சொல்லிவிட்டு, குடையை நன்றாகத் துடைத்து வாங்கிய படக்காரனுக்கு வழிவிட்டான் விச்சியன். புவாசோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காம்பில் கன்னம் வைத்தாள். படம் அழகாக வந்தது.

அடுத்த இரண்டு நாளும் விச்சியன் கால் தரையில் படவில்லை. நூடுல்ஸ் கடைக்காரி கூடுதலாக ஒரு கோழிக்கால் போட்டாள். நடனக் கொட்டகையில் டிக்கெட் கேட்கவில்லை. துப்பாக்கி சுடும் கடையில் அவன் ஒன்றையும் சுடாமலே ஒரு பொம்மையைக் கொடுத்து அனுப்பினார்கள். சாபத்தைப் பிடித்தவன் என்று பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தன.

லம்யைதான் சரியாகச் சாப்பிடவில்லை. அதுவே ஓர் அதிசயம்.

"என்னடி, பன்றித்தோல் கசக்குதா?"

"அண்ணே, பொறாமைக்காரி எதுக்கு வீடு தேடிப் போய் மூலிகை அரைக்கணும்? எதுக்குக் கல்யாணத்துக்குக் கொண்டை போடணும்? மூஞ்சியக் கெடுக்கிறவ ஆறிப்போற மாதிரியா கெடுப்பா? திராவகம் கிடைக்காத ஊரா இது?"

"செஞ்ச குத்தம் உறுத்தியிருக்கும்."

"கன்தா கடையை மூடிட்டாண்ணே. நம்மளப் பாத்ததும் பலகையை இழுத்துப் போட்டுட்டா."

"தொத்திறைச்சி தீர்ந்திருக்கும்."

"நீங்க ஒண்ணும் மடையன் இல்லண்ணே. அதான் பயமா இருக்கு" என்று முணுமுணுத்தாள் லம்யை. இரவில் இருந்து உள்ளங்கை லேசாக நமைக்கிறது என்று அவளிடம் சொல்ல நினைத்தவன், கிண்டலடிப்பாள் என்று விட்டுவிட்டான்.

கடைசி நாள் சாயங்காலம் கமிட்டி ஆபீஸில் அவனுக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. போனபோது செயலாளர் ஸ்டூலில் ஏறி நின்று இந்த வருஷப் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார். கீழே புவாசோன், குடையோடு. மேலே புவாசோனுக்குக் கன்தா கிரீடம் வைக்கிறாள்.

விச்சியன் சும்மாதான் நிமிர்ந்து பார்த்தான். கன்தாவின் கை. பக்கத்துப் படத்தில் அதற்கு முந்தைய ராணியின் கை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் கை. அதற்கும் முன்னால் மோதிரம். மோதிரம். மோதிரம். சுவரின் கடைசி வரைக்கும் மோதிரம்.

வீங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். வீங்காதவர்கள் வரவே இல்லை.

"ராசியான வீக்கம்" என்று லம்யை சிரித்துக்கொண்டு சொன்னாளே. பன்றித்தோல் தின்றுகொண்டே துப்புத் துலக்கிவிட்டாளே!

"செயலாளரே, நன்றி விருந்துக்குப் போன ராணிங்க எங்க?"

"சொன்னேனே, கீழ்நாட்டுக்கு... கல்யாணம்..."

"ஒரு கல்யாணத்துக்காவது போயிருக்கீங்களா நீங்க? ஒரு பத்திரிகையாவது வந்துதா?"

அவர் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார். "கொஞ்ச நாள் பங்களாவுல இருப்பாங்க. அலுத்துப்போனா பட்டணத்துல அவருக்குத் தெரிஞ்ச வீடுங்க இருக்கு, அங்க அனுப்பிடுவாரு. அங்கேருந்து திரும்பி வந்தது சாய்காம் ஒருத்திதான். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு ஐயா. ஆலை அவருது, அரிசி மில் அவருது, ஊரே அவருது. முகம் கெட்டுப்போன பொண்ணை மட்டும் அவர் சீந்த மாட்டாரு. ஆறுறதுக்குள்ள அவருக்கு வேற ஆள் கிடைச்சிடும்." நெற்றியைச் சட்டகத்தில் முட்டிக்கொண்டார். "அந்தப் பொம்பளை எங்க எல்லாருக்காகவும் செஞ்சா. எங்களுக்குத் தெரியாதமாதிரி நாங்க இருந்தோம். நீங்க வந்து கெட்டிக்காரத்தனம் காட்டிட்டீங்க."

விச்சியன் ஓடினான். கூட்டத்தை இடித்துக்கொண்டு, பலூன்காரனைத் தள்ளிவிட்டு ஓடினான். பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லம்யை ஓடி வந்தாள்.

விழாத் திடலின் வாசலில் புன்மாவின் கறுப்புக் கார் நின்றது. இரண்டு பக்கமும் ஊர் ஜனம். ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தங்கள் பிள்ளைகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மலையடிவாரத்திலிருந்து வந்த புவாசோனின் அம்மா மட்டும் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஏறாதே!" என்று கத்தினான் விச்சியன். "புவாசோன், அந்தக் கார்ல ஏறாதே!"

அவள் திரும்பினாள். முகம் கழுவிய பழம்போல இருந்தது. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. அவனைப் பார்த்ததும் ஓடி வந்து கைகூப்பிக் குனிந்தாள்.

"அண்ணே! நீங்க வரலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். என் முகம் பிழைச்சது உங்களாலதான். வளர்த்தப்பா என்னை டீச்சருக்குப் படிக்க வைக்கிறேன்னு சொல்லிட்டாரு."

"படிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க போனவங்கள்ல ஒருத்தியைத் தவிர யாரும் திரும்பி வந்ததில்ல. சாய்காம் அதுக்காகத்தான் அந்த அரக்கை..."

"சாய்காமா?" அவள் சிரித்தாள். "நீங்கதானேண்ணே சொன்னீங்க, எல்லார் முன்னாடியும்? தனக்கு வாடின பூ எவளுக்கும் பூக்கக் கூடாதுன்னு? அவ சிறையில உக்காந்துக்கிட்டு இன்னும் கதை கட்டுறா, நீங்க நம்பிட்டீங்க. எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனான். தாலுகா அதிகாரி நடுவில் வந்தார். ஏட்டு வந்தான். "மரியாதையான இடம் சார், கலாட்டா வேணாம்" என்று காதோடு சொல்லி முழங்கையை முறுக்கினான். லம்யை செருப்பை எறிந்தாள். அது காரின் கூரையில் பட்டு விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

காருக்குள்ளிருந்து புன்மாவின் குரல் நிதானமாக வந்தது. "தம்பி களைச்சுப்போயிருக்காரு. நல்லாக் கவனிச்சு அனுப்புங்க. அந்தக் குடையை அவருக்கே குடுத்துடுங்க. கண்டுபிடிச்சவருக்குத்தான் அது சொந்தம்."

கதவு மூடியது. பின் கண்ணாடி வழியாகப் புவாசோன் கைகாட்டிக்கொண்டே போனாள். வளைவு திரும்பும்வரை காட்டினாள். அவள் அம்மாவும் இங்கிருந்து காட்டினாள். ராட்டினம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

விச்சியனின் கையில் குடையைத் திணித்துவிட்டுப் போனார்கள். காம்பு பட்டதும் உள்ளங்கை தீயாய் எரிந்தது. கையை விரித்துப் பார்த்தான். அன்றைக்குக் காம்பைப் பிடித்துப் பறித்த இடத்தில், சிவந்து, நீர் கோத்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள்.

லம்யை ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சரியா ரெண்டு நாள், அண்ணே" என்றாள். "நீங்க கண்டுபிடிச்சது ரொம்பச் சரி."